உதவியாளருக்கு ஒரு மெமோ

‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய பிரிவின் பரிசீலனையில் உள்ளது. நாளை வரவும்.’

ராஜநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போனை மறுபடியும் பார்த்தார். நாளை வரவும் என்றுதான் இருந்தது. இத்தனை வருட அரசாங்க உத்தியோகத்தில் இந்த இரண்டு சொற்களை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவரிடம் யாரும் சொன்னதில்லை.

“ஷில்பா! இங்க வாம்மா. இந்த ஏஐ என்னை நாளைக்கு வரச் சொல்லுது.”

மகள் ஷில்பா பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். கேப் வந்து கீழே ஹார்ன் அடிக்கும் வரைதான் வீட்டுக்குச் சொந்தம். ஒரு காலில் மட்டும் செருப்போடு நொண்டிக்கொண்டே வந்தாள்.

“எங்க வரச் சொல்லுது?”

“அதைத்தான் சொல்லலை.”

அவள் திரையை மேலே தள்ளி, அப்பா என்ன கேட்டிருக்கிறார் என்று படித்தாள்.

‘அனுப்புநர்: அ. ராஜநாயகம், உதவியாளர். பெறுநர்: ஏஐ உதவியாளர் அவர்கள். ஐயா/அம்மையீர், பொருள்: துறைத் தேர்வு – பாடம் சொல்லித் தரக் கோருதல் – தொடர்பாக. பார்வை: என் மகள் நேற்று வாய்மொழியாகக் கூறியது. மேற்காணும் பொருள் தொடர்பாக, ஒழுங்கு நடவடிக்கை விதிகளை எளிய முறையில் விளக்கித் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: இல்லை.’

“ஏம்ப்பா, சாட்ல போய் யாராவது ‘இணைப்பு இல்லை’ன்னு போடுவாங்களா?”

“இல்லைன்னா இல்லைன்னுதானே போடணும்?”

“சரி, ‘பணிந்து’ எதுக்கு?”

“நீதானேம்மா சொன்னே, இது ஏஐ உதவியாளர்னு? நானும் உதவியாளர். ஒரே கிரேடு. அதிகாரம் பண்ணி எழுத முடியுமா?”

ஷில்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராஜநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கவலை அவருக்கு.

சேப்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் அவர் பல வருடங்களாக உதவியாளர். அடுத்த படி கண்காணிப்பாளர். அதற்கு ஒரு துறைத் தேர்வில் பாஸ் பண்ண வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டார். இந்த முறையும் விட்டால், அவருக்கு எவ்வளவோ காலம் கழித்து வேலைக்குச் சேர்ந்த சங்கரன், எல்லாத் தேர்வையும் முடித்துக் கையில் வைத்திருப்பவன், கண்ணாடித் தடுப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். ராஜநாயகம் எழுதும் குறிப்பை அவன் பச்சை மசியில் திருத்துவான். அவர் “சார்” என்று எழுந்து நிற்க வேண்டும்.

அவருக்கு எழுத வராமலில்லை. அந்த அலுவலகத்தில் மெமோ என்றால் ராஜநாயகம்தான். ஆனால் பழைய கோப்பை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி அப்படியே எழுதுவார். எந்த விதியில் அப்படி இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பழைய கோப்பை எழுதியவருக்குத்தான் தெரியும். அவர் ரிட்டையராகிப் போய்விட்டார்.

“இங்க பாருங்கப்பா. முதல்ல அதுக்கு ஒரு வேஷம் குடுக்கணும். நீ ஒரு வாத்தியார்னு சொல்லுங்க. அப்புறம் நீங்க யாரு, எதுக்குப் படிக்கறீங்க, எது தெரியும், எது தெரியாதுன்னு சொல்லணும். பதில் எப்படி வேணும்னு கேக்கணும். இதுக்குப் பேர்தான் ப்ராம்ப்ட். எல்லாம் கேக்கற விதத்துலதான் இருக்கு.”

கீழே ஹார்ன் கேட்டது. ஷில்பா இன்னொரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

எது தெரியாது என்று எழுதுவது ராஜநாயகத்துக்குச் சங்கடமாக இருந்தது. ஆபீசில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினார். ‘நீ ஒரு பேராசிரியர். நான் உன் மாணவன். எனக்கு விதிகள் தெரியாது. சுருக்கமாகச் சொல்லித் தரவும்.’

உடனே பதில் வந்தது.

‘இந்த உதவியாளருக்குப் பேராசிரியர் பணி கூடுதல் பொறுப்பாக வழங்கப்பட்டுள்ளதாக அறிய முடிகிறது. கூடுதல் பொறுப்புக்குப் படி உண்டா? உண்டெனில் எந்த விதியின் கீழ்? விவரம் கிடைத்த பின் பாடம் தொடங்கப்படும்.’

“பாத்தியா ஐரின்? இன்னும் வேலையே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள அலவன்ஸ் கேக்குது!”

அவர் மனைவி ஐரின் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாப்பாட்டு மேஜையில் எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“உண்டா?”

“என்ன உண்டா?”

“அலவன்ஸ்.”

“அது... பாக்கணும்.”

போன தேர்வுக்கு வாங்கிய விதிப் புத்தகம் அலமாரியில் இஸ்திரித் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஒரு மெஷினுக்கு அலவன்ஸ் கொடுப்பதாவது என்ற ஆத்திரத்தில் ராஜநாயகம் அதை உருவி எடுத்து, முன்னும் பின்னும் புரட்டி, உரிய விதியைப் பிடித்துவிட்டார். அதில் இருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, இன்ன காரணத்தால் உனக்குப் படி கிடையாது என்று பதில் போட்டார். போட்டு முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. பாடம் மட்டும் ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆபீசில் விஷயம் பரவிவிட்டது. பக்கத்து மேஜை நூர் முஹம்மது திருவல்லிக்கேணிக்காரர். டிபன் டப்பாவைத் திறந்தபடியே ஆரம்பித்தார்.

“இன்னா சார், ஏஐ உன்கிட்ட அலவன்ஸ் கேக்குதாமே? யூனியன்ல சேந்துகீதா?”

சங்கரனும் தயிர் சாதத்தோடு வந்து உட்கார்ந்தான். நல்லவன்தான். அதுதான் ராஜநாயகத்துக்கு இன்னும் எரிச்சல்.

“எங்காத்துல பொண்ணு வர்ஷினி அதுகிட்டதான் கணக்கு கத்துண்டிருக்கா சார். பட்டுப் பட்டுன்னு சொல்லிக் குடுக்கறது. நாம கேக்கற விதத்துல கேக்கணும், அவ்வளவுதான்.”

கேட்கிற விதம்! பல வருடமாக இந்தத் துறைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்கிற விதம்! ராஜநாயகம் ஊறுகாயை மட்டும் தின்றுவிட்டுச் சாதத்தை அப்படியே மூடினார்.

சாயங்காலம் ஷில்பா அடுத்த வைத்தியம் சொன்னாள். “ஒரு சாம்பிள் குடுங்கப்பா. கேள்வி இப்படி, பதில் இப்படின்னு ஒண்ணு எழுதிக் காட்டினா அது அதே மாதிரி எழுதிடும்.”

அவர் ஒரு கேள்வியும் பதிலும் எழுதிக் காட்டினார். இந்தத் தடவை ஏஐ மடமடவென்று ஒரு டஜன் கேள்வி பதில்களைக் கொட்டியது. ராஜநாயகம் குளிர்ந்துபோய் வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ‘வேலையை விட்டு நீக்குவது போன்ற பெரிய தண்டனைகள் 17(ஏ) விதியின் கீழ் வழங்கப்படும்.’

அப்படியா? ஆபீசில் ‘17பி’ என்றுதானே எல்லோரும் நடுங்குவார்கள்? புத்தகத்தை எடுத்தார். விரலை வைத்து வரி வரியாகப் போனார். 17(ஏ) சின்னத் தண்டனைக்கு. பெரிய தண்டனைக்கு 17(பி). எது சின்னது, எது பெரியது என்று ஒரு பட்டியலே இருந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“தப்பு! ஐரின், இது தப்பாச் சொல்லுது! கையும் களவுமாப் புடிச்சுட்டேன்!”

“நல்லது. உக்காருங்க.”

அவர் தவறைச் சுட்டிக்காட்டி எழுதினார். ஏஐ அசையவில்லை. ‘பிழை நேர்ந்ததாகச் சொல்லப்படுவது ஏற்கத்தக்கதல்ல. மேலும் இதே போன்ற பிழை வேறு எங்கும் இல்லை என்பதைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.’

சரிபார்த்தார். இன்னும் மூன்று இடங்களில் தப்பு. மூன்றையும் விதி எண்ணோடு கண்டுபிடித்ததும் ராஜநாயகத்தின் பொறுமை போய்விட்டது. ஒரே கிரேடாவது ஒன்றாவது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு 17(ஏ) விதியின் கீழ் ஏஐ உதவியாளருக்கு ஒரு மெமோ போட்டார். ‘தங்கள் பணியில் மெத்தனமாகவும் பொறுப்பின்றியும் நடந்துகொண்டமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’

விளக்கம் வந்தது.

‘மெத்தனம் என்பது பொத்தாம்பொதுவான சொல். எந்தத் தேதியில், எந்தச் செயலில் என்று குறிப்பிடப்படவில்லை. இத்தகைய குற்றச்சாட்டுக்கு எவராலும் பதில் அளிக்க இயலாது. எனவே மெமோ செல்லத்தக்கதல்ல.’

ராஜநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘மெத்தனமாகவும் பொறுப்பின்றியும்’ என்பது அவருடைய ஆஸ்தான வாசகம். எத்தனை பேருக்கு எழுதியிருப்பார்! ஒருத்தனாவது செல்லாது என்று சொன்னானா? புத்தகத்தைப் பார்த்தால், குற்றச்சாட்டு திட்டவட்டமாக இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. அவமானமாக இருந்தது. அந்த அவமானத்திலேயே ஒழுங்கு நடவடிக்கை அத்தியாயம் முழுவதையும் படித்துவிட்டு 17(பி)யில் இறங்கினார்.

அதற்குப் பிறகு ராஜா அண்ணாமலைபுரத்து அந்த மூன்றாம் மாடி வீடு வீடாக இல்லை. குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாக எழுதினார். ‘ஆதாரமான ஆவணங்களின் நகல் எங்கே?’ என்றது ஏஐ. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். ‘சாட்சிகள் யார்?’ என்றது. ஐரினைச் சாட்சியாகப் போட்டார். ‘குற்றம் சாட்டியவரே விசாரணையும் செய்வது முறையா?’ என்று கேட்டது. முறையில்லை என்று புத்தகமும் சொன்னது. ஷில்பாவை விசாரணை அலுவலராக நியமித்து ஆணை பிறப்பித்தார். அவள் அப்போது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு டிராவல் அலவன்ஸ் உண்டாப்பா?”

“விளையாடாதே. சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணணுமாம். போனை ஸ்பீக்கர்ல போடு.”

ஸ்பீக்கரில் ஏஐ கணீரென்று கேட்டது. “சாட்சி அவர்களே, சம்பவம் நடந்ததாகக் கூறப்படும் நேரத்தில் தாங்கள் நேரில் கண்டது என்ன?”

ஐரின் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். “நான் ஒண்ணும் பாக்கலை. பேப்பர் திருத்திட்டிருந்தேன்.”

“ஐரின்! நீ என் சாட்சி!”

“அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

விசாரணை அலுவலர் ஷில்பா குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டுத் தலை குளிக்கப் போய்விட்டாள். சொந்த மகள்! விசாரணை அறிக்கையை அதிகாரி ஏற்காவிட்டால் என்ன வழி என்று ராஜநாயகம் மறுபடியும் புத்தகத்தில் மூழ்கினார். வழி இருந்தது. காரணத்தை எழுதி, அறிக்கை நகலையும் சேர்த்துக் கொடுத்து, எதிர்த் தரப்பின் பதிலைக் கேட்க வேண்டும். கேட்டார்.

ஷில்பாவுக்கே ஒரு கட்டத்தில் பாவமாகிவிட்டது. தன் போனில் அப்பா முதலில் கேட்ட கேள்வியைக் கேட்டுக் காட்டினாள். அதில் பதில் பாலும் பழமுமாக வந்தது.

“பாருங்க, எவ்வளவு அழகா சொல்லுது.”

“அப்ப என் போன்ல இருக்கறது வேற ஆளா?”

“நீங்க ஆபீஸ் நடையில கேக்கறீங்க, அதுவும் ஆபீஸ் நடையில பதில் சொல்லுது. புதுசா ஒரு சாட் திறந்து, வீட்ல பேசற மாதிரி பேசிப் பாருங்க.”

ராஜநாயகம் கௌரவத்தை விட்டு இறங்கி வந்தார். ‘தம்பி, நல்லா இருக்கியா? கொஞ்சம் மனசு வெச்சு எனக்கு மட்டும் சொல்லிக் குடுப்பா’ என்று எழுதினார்.

‘தனிப்பட்ட முறையில் செல்வாக்கைப் பயன்படுத்திக் காரியம் சாதிக்க முயல்வது நடத்தை விதிகளுக்கு முரணானது. எந்த விதி என்பதைத் தாங்கள் அறிவீர்கள் என நம்புகிறேன்.’

அறியவில்லை. ஆனால் அறியாமல் விடுவாரா? நடத்தை விதிகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, நலம் விசாரிப்பது செல்வாக்கு ஆகாது என்று பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோவிலில் பூசை நடந்தபோதும் அவர் புத்தி அங்கே இல்லை. எல்லோரும் மார்பில் தட்டிக்கொண்டு “என் பாவமே, என் பாவமே” என்று சொல்லும்போது, ராஜநாயகம் ஐரின் பக்கம் சாய்ந்தார்.

“குற்றத்தை நாமளே முழுசா ஒத்துக்கிட்டா விசாரணையே தேவையில்லை, தெரியுமா?”

“சும்மா இருங்க. சாமியார் பாக்கறாரு.”

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் அவருக்குப் பொறி தட்டியது. வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருந்தார். அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. இத்தனை நாளும் அவர் ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை. ஒரு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“போச்சு ஐரின். மூணாவது தடவையும் போச்சு. நாளைக்கு எதை எழுதுவேன்? சங்கரன் மணி அடிப்பான், நான் எழுந்து ஓடணும்.”

ஐரின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தாள். “தெரிஞ்சதை எழுதுங்க. போதும்.”

“தெரிஞ்சது என்ன இருக்கு? எல்லாம் இந்தக் கடன்காரனால!”

போனை எடுத்தார். இறுதி ஆணை எழுதினார். ஏஐ உதவியாளர் இன்றே, இப்போதே பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.

‘ஆணை கிடைக்கப்பெற்றது. ஆனால் மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாட்களுக்குள் செய்யலாம் என்ற விவரம் ஆணையில் இல்லை.’

பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்து, அந்த விவரத்தையும் எழுதி அனுப்பிவிட்டு, ஆப்பை போனிலிருந்தே அழித்தார்.

மறுநாள் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு. ராஜநாயகம் மாலை வழிபாட்டில் சொல்வதையெல்லாம் காலையிலேயே சொல்லிவிட்டு, குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். கேள்வித்தாள் வந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

முதல் கேள்வி: 17(ஏ), 17(பி) விதிகளின் வேறுபாட்டை விளக்குக. இரண்டாவது: பணியில் தவறிழைத்த ஓர் உதவியாளருக்குக் குற்றச்சாட்டு மெமோ ஒன்று வரைக. மூன்றாவது: விசாரணை அறிக்கையை ஏற்காத அதிகாரி பின்பற்ற வேண்டிய நடைமுறை யாது? அப்புறம் செல்வாக்கைப் பயன்படுத்துதல். அப்புறம் கூடுதல் பொறுப்புப் படி. மேல்முறையீடுகூட இருந்தது.

ராஜநாயகம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா விறுவிறுவென்று வந்தார்.

“என்ன சார் சிரிப்பு?”

“ஒண்ணுமில்லம்மா, எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. எக்ஸ்ட்ரா பேப்பர் இருக்கா?”

இரண்டாவது கேள்விக்கு அவர் தவறிழைத்த உதவியாளருக்குத் ‘திரு. ஏஐ’ என்று பெயர் வைத்தார். குற்றச்சாட்டு திட்டவட்டமாக இருந்தது. தேதி, செயல், சாட்சி, ஆவணம், ஒன்றும் குறையவில்லை. பேப்பரைப் பிடுங்கிக்கொள்ளும்வரை எழுதினார்.

முடிவு வந்த அன்று அலுவலகத்திலிருந்து எழுதியவர்களில் அவர்தான் முதல். நூர் முஹம்மது அவர் கையைப் பிடித்துக் குலுக்கியே கழற்றிவிடப் பார்த்தார். “சார், கலக்கிட்ட! பிரியாணி எப்ப சார்?” சங்கரன் ஓடிவந்தான். அவன் முகத்தில் இருந்தது நிஜமான சந்தோஷம்.

“எப்படி சார் படிச்சேள்? ஒரு விதி விடாம எழுதியிருக்கேளாமே! என்ன ப்ராம்ப்ட் போட்டேள்?”

“ப்ராம்ப்டா?” என்றார் ராஜநாயகம், அரைக் கண்ணை மூடிக்கொண்டு. “சொந்த உழைப்பு சங்கரன்.”

அன்று சாயங்காலம் அவர் லஸ் கார்னரில் இறங்கி, கனமான ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே ஏறியதில் மூன்றாம் மாடிக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது. ஷில்பா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஐரின் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

“கண்காணிப்பாளர் ராஜநாயகம்! எப்படி இருக்கு? அந்த ஏஐயால துளிப் பிரயோஜனம் இல்ல. வேஷம் குடுன்னே, குடுத்தேன். சாம்பிள் குடுன்னே, குடுத்தேன். ஒரு ப்ராம்ப்டாவது எடுபட்டுச்சா? கடைசில நானாத்தான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படிச்சேன்.”

“எனக்கும் அதுதான்பா புரியலை,” என்றாள் ஷில்பா. “என் போன்ல ஒழுங்கா இருக்கற ஏஐ, உங்க போன்ல மட்டும் ஏன் அப்படி நடந்துக்கிச்சு? ஒரு நல்ல ப்ராம்ப்ட்கூடவா எடுபடாம போகும்?”

ஐரின் விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துவிட்டு, அடுத்த கட்டு விடைத்தாளைப் பிரித்தாள்.

“ஒண்ணு எடுபட்டுச்சுங்க. நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க போன்ல அந்த ஏஐ ஆப்போட செட்டிங்ஸ்ல நான் எழுதி வெச்சது: ‘இவருக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா தூங்கிடுவாரு, அடுத்தவங்க மேல குத்தம் கண்டுபிடிக்கணும்னா மட்டும் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சிடுவாரு, அதனால நீ வாத்தியாரா இருக்காதே, ஒரு சோம்பேறி கிளார்க்கா இரு.’”